வழவழப்பும் ஐயப்பாடும்

பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கில வைத்தியர், இலண்டன் ராயல் சொசைட்டியின் காரியதரிசியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பின்னர், 1805-ஆம் ஆண்டிலேயே தம் சொந்த உபயோகத்துக்கென்று தொடங்கி வைத்திருந்த ஒரு சொற்பட்டியலை எடுத்து விரித்து, 1852-இல் ‘தெசாரஸ்’ என்ற பெயருடன் நூலாக வெளியிட்டார். அகரவரிசையைப் பின்பற்றாமல், புற உலகத்துப் பொருள்களையும் மனத்தின் கருத்துக்களையும் ஆயிரம் தலைப்புக்களாக வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் இனமொத்த சொற்களைத் திரட்டி வைத்த அந்தக் கிரந்தத்தில், வழவழப்பு என்னும் குணத்துக்குக் கிடைத்த எண் 255. பட்டும் வெல்வெட்டும் கண்ணாடியும் பனிக்கட்டியும் அங்கே ஒரே வரிசையில் இடம் பெறுகின்றன. அடுத்த எண்ணில் சொரசொரப்பு இருக்கிறது. உராய்வு 331; எண்ணெயிட்டு அவ்வுராய்வைத் தணித்தல் 332. முகஸ்துதியோ இவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, அறநெறி பற்றிய சொற்கள் கூடியிருக்கும் கடைசிப் பகுதியில், 933-ஆம் எண்ணில் இருக்கிறது.

ஜடப்பொருளின் குணத்தை ஓரிடத்திலும் மனிதனுடைய குற்றத்தை வேறோரிடத்திலும் வைப்பது சாஸ்திர ரீதியில் நியாயமே. ஆனால் ஒரு பாஷையைப் பேசுகிறவர்கள் அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. 255-ஆம் எண்ணுக்குரிய சொற்களுள் பல, நூற்றாண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்ந்து, 933-இன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மரப்பலகையைப் பற்றிச் சொல்லும்போது பாராட்டாக இருக்கும் பதமே மனிதனைப் பற்றிச் சொல்லும்போது எச்சரிக்கையாகிவிடுகிறது. இது எப்படி நேர்ந்தது, எல்லாச் சொற்களுக்கும் நேர்ந்ததா, வழவழப்பு என்னும் குணத்திலேயே இந்தச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்பவை, ஆங்கிலம் பயிலும் தமிழர்கள், அதிலும் மொழிபெயர்ப்பில் ஈடுபடுகிறவர்கள், பொறுமையோடு ஆராய வேண்டிய விஷயங்கள்.

இவ்வினத்துக்குத் தலைமை வகிக்கும் ‘ஸ்மூத்’ என்ற சொல்லின் பூர்வீகம் இருள் மூடியது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மேதெ’ என்ற வடிவமே பெருவழக்காக இருந்தது என்பதற்கு மேல், லத்தீனிலோ கிரேக்கத்திலோ ஸம்ஸ்கிருதத்திலோ அதற்கு நிச்சயமான உறவுச் சொல் ஒன்றை அறிஞர்கள் காட்டியதில்லை. ஆனால் அது எந்த எந்தப் பொருள்களில் வழங்கிற்று என்பதை அறிய நமக்கு அருமையான சாதனம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஜேம்ஸ் அரசர் காலத்தில், 1611-இல், வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பு. கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீது ஓடையிலிருந்து பொறுக்கிய ஐந்து கற்களுக்கு அங்கே ‘ஸ்மூத்’ என்பதே அடைமொழி. தமையன் உடல் முழுதும் ரோமம் அடர்ந்தவனாக இருக்க, அப்படியில்லாத தன் சரீரத்தைக் குறித்துத் தாயிடம் பேசுகிற யாக்கோபும் அதே சொல்லையே சொல்கிறான்; அந்தப் பேச்சின் முடிவில், வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலைக் கைகளில் சுற்றிக்கொண்டு, கண் மங்கிய தகப்பன் முன் தமையனாக நடித்து ஆசீர்வாதத்தைப் பெற்றுவிடுகிறான். ஜனங்கள் தீர்க்கதரிசிகளிடம் உண்மையைச் சொல்லவேண்டாம், காதுக்கு இதமானதையே சொல்லுங்கள் என்று கேட்பதாக ஏசாயா முறையிடும் இடத்திலும், வெண்ணெயினும் வழுக்கும் வாயும் போரையே நினைக்கும் நெஞ்சும் உடைய துரோகியைப் பற்றிச் சங்கீதக்காரன் புலம்பும் இடத்திலும் மீண்டும் அந்தச் சொல்லே வருகிறது.

கல்லும் சருமமும் சொல்லும் இப்படி ஒரே அடைமொழியைப் பெற்றது மொழிபெயர்ப்பாளர்களின் கற்பனையால் அன்று. ஹீப்ரூ மூலத்திலேயே வழவழப்பையும் முகஸ்துதியையும் குறிப்பது ஒரே தாது. ஓடைக்கல்லுக்கும் யாக்கோபின் தோலுக்கும் இச்சகப் பேச்சுக்கும் ஹீப்ரூ மொழியார் ஒரே வேரிலிருந்து சொற்களை எடுத்தார்கள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அந்த வேதத்தைக் கேட்டு வளர்ந்த ஆங்கில ஜனங்களின் செவியில் இந்தச் சேர்க்கை ஊறிப்போனதில் வியப்பில்லை. ஆங்கிலேயருக்கு வழவழப்பான பேச்சின் மேல் உள்ள அவநம்பிக்கை அவர்களுடைய தேசீய சுபாவம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு பாலஸ்தீனத்திலிருந்து வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

வழவழப்பு என்பது இயந்திரம் தரும் மலிவான சரக்காக ஆவதற்கு முன், கையால் உழைத்து உண்டாக்க வேண்டிய செல்வமாக இருந்தது. ‘ஸ்லிக்’, ‘ஸ்லீக்’ என்ற இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். தேய்த்து மழமழப்பாக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்தவை. துணியையும் தோலையும் தேய்ப்பதற்கென்று வைத்திருந்த கல்லுக்கு ‘ஸ்லிக்-ஸ்டோன்’ என்றே பெயர். இஸ்திரிப் பெட்டி வருவதற்கு முன் வட ஐரோப்பியப் பெண்கள், சணல்நூல் துணியைப் பலகையின்மேல் விரித்து, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குண்டு ஒன்றால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மினுக்கேற்றினார்கள். நார்வேயில் வைக்கிங் காலத்துப் பெண்களின் சமாதிகளில் அத்தகைய கண்ணாடிக் குண்டுகளும், திமிங்கில எலும்பை அறுத்துச் சித்திரம் செதுக்கிய பலகைகளும் அகப்பட்டிருக்கின்றன. மறுமைக்கும் உடன் அனுப்பத்தக்க மதிப்பு அவற்றுக்கு இருந்தது. சுவடிகளில் பொன்ரேக்கை ஒட்டிய மத்தியகால ஓவியர்கள், கைப்பிடியில் பொருத்திய நாய்ப்பல்லால் அப்பொன்னைத் தேய்த்து ஒளி வரவழைத்தார்கள். அந்தத் தொழிலைக் குறிக்கும் ‘பர்னிஷ்’ என்ற சொல் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தச்சர்கள் மரத்தை இழைப்புளியால் சீவிய பிறகு, உப்புத்தாள் இல்லாத அந்நாளில், சிறு சுறாமீனின் தோலையும், தண்டில் மணற்சத்து நிறைந்ததும் ஹாலந்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கியதுமான ஒருவகைக் கோரையையும் கொண்டு தேய்த்தார்கள்.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. உழைப்பைக் குறிக்கும் வினைச்சொற்களுக்கு ஆங்கிலம் ஒருபோதும் களங்கம் கற்பிக்கவில்லை. பாலிஷ் செய்தல், பர்னிஷ் செய்தல், இழைத்தல் ஆகியவை இன்றும் மரியாதையுள்ள சொற்களே; ஒருவன் தன் எழுத்தைப் பாலிஷ் செய்தான் என்றால் அது புகழ்ச்சிதான். உழைப்பு மறைந்து பலன் மட்டும் எஞ்சி நிற்கும்போது, அதாவது வினை பெயரடையாக மாறும்போது, சந்தேகம் தலைகாட்டுகிறது. தேய்த்த கையைக் காணமுடியாத வழவழப்பை ஆங்கிலம் நம்புவதில்லை.

ஒளியைக் குறிக்கும் சொற்கூட்டம் ஒன்று இவ்வினத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. கண்ணாடியாகிய ‘கிளாஸ்’, மின்னுதலாகிய ‘க்ளீம்’, தணல் ஒளியாகிய ‘க்ளோ’ முதலியவை ஒரே ஓசையோடு தொடங்குவது தற்செயல் அன்று என்பது மொழிநூலார் பலரது கொள்கை. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘கிளாட்’ என்ற சொல்லும் ஒளியிலிருந்தே வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பிரகாசமான, பளபளப்பான என்று பொருள். அதன் உடன்பிறப்பாகிய ஜெர்மன் ‘க்ளாட்’ இன்றும் வழவழப்பையே குறிக்கிறது, ருஷ்ய மொழியின் ‘கிளாத்கி’யும் அப்படியே, லத்தீனில் ‘கிளாபெர்’ என்றால் மயிரற்ற வழுக்கை. தாவர சாஸ்திரிகள் ரோமமில்லாத இலையைக் ‘கிளாப்ரஸ்’ என்று வருணிப்பதும், வைத்தியர்கள் இரு புருவங்களுக்கும் நடுவிலுள்ள ரோமமற்ற இடத்தைக் ‘கிளாபெல்லா’ என்பதும் அந்த லத்தீனைப் பின்பற்றியே. ஆக, ஆங்கிலேயன் தன் மனம் மகிழ்ந்திருப்பதைச் சொல்லும் சாமானியமான சொல்லும், வழுக்கைத் தலையைக் குறிக்கும் ரோமானியச் சொல்லும் பூர்வத்தில் ஒரே குலம்.

அந்த ஜெர்மன் சொல் யூதர்களின் இத்திஷ் மொழியில் புகுந்து பெற்ற ஆசாரப் பொருள், சொல்லும் பொருளும் கைப்படத் தொடும் அபூர்வமான இடம். அறுத்த மாட்டின் நுரையீரலில் நோயின் அடையாளமாகிய ஒட்டுக்கள் இல்லையா என்று பார்க்கும் பரிசோதகர், முதலில் உடலுக்குள் கையை விட்டு விரல்களாலேயே தடவி அறிகிறார். பிறகு நுரையீரலை வெளியே எடுத்துக் காற்றூதி உப்பச்செய்து, எங்கேனும் ஒட்டிய தழும்பு காணப்பட்டால் அந்த இடத்தை நீரில் நனைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். ஒட்டே இல்லாத வழவழப்பான நுரையீரல் உடைய பிராணியின் மாமிசம் ‘க்ளாட் கோஷர்’. அங்கே வழவழப்பு என்பது ஐயத்தின் அறிகுறி அன்று; ஐயம் முற்றிலும் நீங்கியதன் அத்தாட்சி.

இதே ஓசையில் தொடங்கும் ‘க்ளிப்’ என்ற சொல்லுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வழுக்குகிற என்ற வெறும் பொருளோடு ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், விரைவிலேயே நாவின்மேல் ஏறிக்கொண்டது. நாடகத்தில் வரும் லியர் அரசனின் இளைய மகள் தமக்கையரின் பேச்சுத் திறமையைப் பழிக்கும்போது எண்ணெயோடு சேர்த்து இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறாள். பளபளப்பைக் குறிக்கும் ‘க்ளொஸ்’ என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. நாக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அருஞ்சொல்லுக்கு ஓரத்தில் எழுதும் உரைக்குறிப்பு என்ற பொருளில் வந்த ‘க்ளொஸ்’ ஒன்று. பளபளப்பைக் குறிக்க வடமேற்கு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்த ‘க்ளொஸ்’ மற்றொன்று. பிறப்பால் தொடர்பற்ற இவ்விரண்டும், குற்றத்தை இனிய விளக்கத்தால் பூசி மறைத்தல் என்ற பொருளில் இன்று பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன.

இனி எண்ணெய்க்கு வருவோம். இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. 731-இல் முடிவுற்ற தம் சரித்திர நூலில் பீட் என்னும் துறவி ஒரு செய்தி சொல்கிறார். ஓஸ்வியு அரசனுக்கு மணமகளை அழைத்துவரக் கெண்ட் நாட்டுக்குப் புறப்பட்ட உத்தா என்ற குருவிடம் எய்டன் என்னும் பெரியவர், திரும்பும் வழியில் கடல் கொந்தளிக்கும் என்று முன்கூட்டியே உரைத்து, மந்திரித்த எண்ணெயைக் கொடுத்தனுப்புகிறார்; உத்தா அதை அலைகளின்மேல் ஊற்றியதும் கடல் அடங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, பெஞ்சமின் பிராங்க்ளின் 1757-இல் கப்பற் கூட்டத்தோடு பிரயாணம் செய்தபோது, இரண்டு கப்பல்களின் பின்னால் மட்டும் நீர் அலையின்றித் தெளிந்திருப்பதைக் கண்டு விசாரித்து, சமையற்காரர்கள் கொட்டிய கொழுப்பு நீரே காரணம் என்று அறிந்தார். பின்னர் இலண்டனை அடுத்த கிளாப்ஹம் வெளியில் உள்ள பெரிய குளத்தில், காற்று வரும் பக்கத்திலிருந்து ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட, அது பரந்து ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அசைவற்றதாக ஆக்கிற்று. வெளியூர் செல்லும்போதெல்லாம் தம் மூங்கில் கைத்தடியின் மேற்கணுவில் எண்ணெயை அடைத்துக்கொண்டு போவாராம். அவருடைய வருணனை 1774-இல் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளியாயிற்று. நீர்மேல் படரும் அந்த எண்ணெய்ப் படலத்துக்கும் ‘ஸ்லிக்’ என்பதே பெயராக அமைந்தது; சச்சரவைத் தணித்தலுக்குக் கலங்கிய நீரில் எண்ணெய் வார்த்தல் என்று ஆங்கிலத்தில் நல்ல பொருளிலேயே ஒரு வழக்கும் உண்டு.

ஆனால் நீரில் வார்த்தால் நன்மை செய்யும் அதே எண்ணெய் நாவில் பூசப்பட்டால் ஆங்கிலேயனுக்கு அருவருப்பு. பூசுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த ‘அங்க்சுவஸ்’ என்ற சொல், ஆதியில் தைலம் போன்ற என்ற அளவில் நின்றது. மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் கத்தோலிக்க குரு பூசும் தைலத்தின் புனிதமும் அதில் கலந்திருந்தது. இன்று அது போலிப் பக்தியும் போலிப் பணிவும் கொண்டவனைக் குறிக்கும் வசை. 1849-50-இல் பகுதி பகுதியாக வெளிவந்த டேவிட் காப்பர்ஃபீல்டு நாவலில் டிக்கன்ஸ் படைத்த யூரையா ஹீப் இவ்வகையினருக்கு என்றைக்கும் உதாரணபுருஷன்: தடித்த புத்தகத்தை அவன் படிக்கும்போது ஒவ்வொரு வரியையும் தொடர்ந்து செல்லும் விரல், நத்தை ஊர்ந்ததுபோன்ற ஈரச்சுவட்டைத் தாளில் விட்டுச் செல்கிறது, அவனோடு கைகுலுக்கியபின் சிறுவன் டேவிட் தன் கையைத் தேய்த்துத் தேய்த்து அந்த ஸ்பரிசத்தைப் போக்கப் பார்க்கிறான். தலைமயிரில் தைலம் தடவிப் படிய வாருதலைக் குறித்த ஒரு கொச்சை வினையிலிருந்து, இருபதாம் நூற்றாண்டில் ‘ஸ்மார்மி’ என்ற புது வசையும் தோன்றிற்று.

‘அங்க்சுவஸ்’ பிறந்த லத்தீன் வினைக்கு ஸம்ஸ்கிருதத்தில் உறவு, நாம் கண்ணுக்கு மை என்று அறிந்திருக்கும் அஞ்சனமே. தாது ஒன்றாயிருந்தும், கீழ்த்திசையில் அதற்கு இழிபொருள் ஏற்படவில்லை. இன்னும் ஒருபடி மேலே சென்று பார்த்தால், ஸம்ஸ்கிருதத்தில் எண்ணெய்க்கும் நெய்ப்பசைக்கும் பெயராகிய ‘ஸ்நேஹம்’ என்ற சொல்தான் அன்புக்கும் பெயர். தமிழில் நாம் சிநேகம், சிநேகிதன் என்று அன்றாடம் வழங்குவது அதுவே. தர்க்க சங்கிரகம் பயின்றவர்கள், உதிர்ந்து கிடக்கும் மாவை ஒரு பிண்டமாகத் திரளச் செய்கிற குணத்துக்கே ஸ்நேஹம் என்று அந்நூல் இலக்கணம் கூறுவதை அறிவார்கள். எண்ணெய்க்கு இரண்டு காரியங்கள் உண்டு: வழுக்கச் செய்வது ஒன்று, ஒட்டச் செய்வது மற்றொன்று. ஸம்ஸ்கிருதம் ஒட்டுவதைக் கண்டு அதில் அன்பைக் கண்டது. ஆங்கிலம் வழுக்குவதைக் கண்டு அதில் வஞ்சனையைக் கண்டது. இந்தச் சொற்களைப் பற்றி நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: வழவழப்பிடம் ஐயம் கொள்வது மனித சமூகம் முழுவதற்கும் இயல்பு என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை; எந்தக் காரியத்தை முதன்மையாகக் கண்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

வழுக்குதலிலிருந்து குற்றம் என்னும் பொருள் கிளைப்பது தமிழருக்குப் புதிதன்று. இலக்கணப் பிழையை நம் முன்னோர் வழு என்றார்கள். வழுக்கும் வழுவுதலும் ஒரே அடி. லத்தீனிலும் சறுக்குதலைக் குறித்த வினையே ‘லாப்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லாகித் தவறுதலைக் குறிக்கிறது. வழுக்குகிற என்று பொருள்படும் ‘லூப்ரிகுஸ்’ என்னும் லத்தீன் சொல் ஆங்கிலத்தில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றது. இயந்திரத்துக்கு எண்ணெயிடும் ‘லூப்ரிகேட்’ தொழிற்சாலைக்குப் போய் நற்பெயர் எடுத்தது; ‘லூப்ரிஷியஸ்’ மனிதரிடையே தங்கிக் காமவிகாரத்தின் பெயராயிற்று.

இனிய பேச்சைக் குறித்த லத்தீன் சொற்களும் இந்தக் கதிக்குத் தப்பவில்லை. ‘சுவேவ்’ என்பது இனிமையைக் குறித்த சொல், ஸம்ஸ்கிருத ‘ஸ்வாது’வும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாகிய ‘ஸ்வீட்’டும் அதன் உறவினரே, இணங்கச் செய்தலாகிய ‘பெர்ஸ்வேட்’ என்பதும் இனிமையாக்குதல் என்றே பிறந்தது. இன்று ஒருவரை ‘சுவேவ்’ என்றால், அவரிடம் பணத்தை ஒப்படைக்குமுன் யோசிக்கவேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. ‘ப்ளாண்ட்’ இதமாகப் பேசுகிற என்ற பொருளிலிருந்து உப்புச்சப்பற்ற என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. முகஸ்துதி செய்தலைக் குறிக்கும் ‘ஃப்ளாட்டர்’ என்ற வினை, உள்ளங்கையால் தடவிக் கொடுத்தல் என்ற கருத்திலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரது அபிப்பிராயம். இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் வருத்துவது, தேற்றுதலைக் குறிக்கும் ‘சூத்’ என்ற வினையின் சரித்திரம். ‘ஸ்மூத்’ என்பதோடு ஓசையில் ஒத்தாலும் அது வேறு குடிப்பிறப்பு. மெய் என்னும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து, அதாவது நம் சத்தியத்தோடு உறவுள்ள தாதுவிலிருந்து, மெய்யென்று நிரூபித்தல் என்ற பொருளில் பிறந்தது அது. பிறகு மற்றவர் சொன்னதை ஆமாம் என்று ஆமோதித்தல், பிறகு ஆமாம் போட்டே முகஸ்துதி செய்தல், கடைசியில் மனத்தை ஆற்றுதல் என்று படிப்படியாக மாறிற்று. சத்தியத்தில் தொடங்கிய ஒரு சொல் இச்சகத்தின் வழியாகத்தான் ஆறுதலை அடைந்தது.

இறங்கும் சொற்களுக்கிடையே ஏறிய சொல் ஒன்று உண்டு, அது ‘பொலைட்’. அரசியலைக் குறிக்கும் ‘பொலிட்டிக்ஸ்’ கிரேக்கரின் நகரச் சொல்லிலிருந்து வந்தது. மரியாதையைக் குறிக்கும் இதுவோ, மெருகிடுதல் என்னும் லத்தீன் வினையின் எச்சம். ‘பாலிஷ்’ இதற்கு நேர் சகோதரம். ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியிலும், பளபளப்பான, வழவழப்பான என்பதையே இதற்கு முதற்பொருளாக வைத்து, அது சாஸ்திர வழக்கில் மட்டும் எஞ்சியிருப்பதாகக் குறித்தார். மனிதருக்கு இது புகழ்மொழியாக வளர்ந்ததன் காரணம் பதினெட்டாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் சமயத்தின் பெயரால் ஒருவரையொருவர் வெட்டி மடிந்த நாட்டில், அடுத்த தலைமுறையார் காபிக் கடைகளிலும் சபைகளிலும் ஒன்றுகூடிச் சண்டையில்லாமல் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1709-இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் நட்போடு ஒருவர்மேல் ஒருவர் உராய்வதனாலேயே அவரவருடைய முனைகளும் கரடும் தேய்ந்து மெருகு பெறுகிறார்கள் என்ற கருத்தை வெளியிட்டார். ஆற்றுக் கூழாங்கல் உருண்டையாவது எப்படியோ அப்படியே நாகரிகமும் என்று இதை நாம் விளங்கிக்கொள்ளலாம். இங்கே வழவழப்பு வஞ்சகனின் முகப்பூச்சு அன்று. பலரோடு பழகித் தேய்ந்த உழைப்பின் பயன். மேலே சொன்ன நாய்ப்பல்லும் கண்ணாடிக் குண்டும் செய்த வேலையைச் சமூகமே செய்கிறது.

ஆயினும் இச்சொல்லையும் ஆங்கில ஐயம் முழுதாக விட்டுவைக்கவில்லை. செஸ்டர்ஃபீல்டு பிரபு, மணத்துக்குப் புறம்பாகப் பிறந்த தம் மகன் பிலிப்புக்குச் சபையில் நடந்துகொள்ளும் முறைகளையும், மனத்தில் உள்ளதை முகத்தில் காட்டாமல் அனைவரையும் மகிழ்விக்கும் வித்தையையும் போதித்து நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினார். மகன் 1768-இலும் தந்தை 1773-இலும் இறந்தபின், மகனுடைய விதவை 1774-இல் அவற்றை அச்சிட்டு வெளியிட்டபோது, வாங்கிப் படித்தவர்களே வெகுண்டார்கள். கரடுமுரடான நடையுடை பாவனைகளுக்குப் பேர்போன ஜான்சன் அந்நூலின் ஒழுக்கத்தைப் பற்றிச் சொன்ன கடுமொழி பிரசித்தமானது. அவருக்குப் பிரபுவின்மேல் அகராதி விஷயமாகப் பழைய மனத்தாங்கல் இருந்தது என்பது உண்மையே. ஆனாலும் நாட்டாரில் பலர் ஜான்சனோடு நின்றார்கள். மெருகு வேண்டும், ஆனால் மெருகிடுவதற்கு அடியில் மரம் இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கட்சி. எனக்கும் அக்கட்சியே நியாயமாகத் தோன்றுகிறது.

சமப்படுத்துதல் என்ற கருத்திலிருந்து வந்த சொற்களை விரைவாகக் கடந்து செல்லலாம். விளக்குதலாகிய ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மேடுபள்ளத்தை நிரவுதல் என்றே லத்தீனில் பொருள்பட்டது. 1700-ஐ ஒட்டிப் பிளாரன்ஸ் நகரத்துக் கிறிஸ்டோஃபோரி அமைத்த வாத்தியத்துக்குப் ‘பியானோ’ என்ற பெயர் வந்ததும், சமமான, ஆகவே மெல்லிய, என்ற இத்தாலியப் பொருளால்தான். மறதியைக் குறிக்கும் ‘ஒப்லிவியன்’ மட்டும் சற்றே நின்று பார்க்கத்தக்கது. வழவழப்பான என்னும் லத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு, எழுத்துத் தெரியாதபடி மேலே தேய்த்துச் சமமாக்குதல் என்ற கருத்தில் பிறந்தது அது. ரோமானியர் மெழுகுப் பலகையில் எழுதிய எழுத்தாணியின் ஒரு முனை கூராகவும், மறுமுனை, எழுதியதை நிரவி அழிப்பதற்கென்று, தட்டையாகவும் இருந்ததை நினைத்தால் இச்சொல் கண்முன் நடப்பதாகவே தோன்றும்.

பௌதிக சாஸ்திரம் இந்தச் சொற்களை எப்படி ஆள்கிறது என்பது நம் மாணவர்களுக்கு நேரே பயன்படும் விஷயம். ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் கணக்கில் சாய்தளத்துக்கு ‘ஸ்மூத்’ என்ற அடைமொழி இருந்தால், அதில் உராய்வே இல்லை என்று கொள்ளவேண்டும்; வெறும் வழவழப்பான சாய்தளம் என்று மொழிபெயர்த்துவிட்டால், கணக்கின் உயிரான நிபந்தனை மறைந்துபோகும். ஆனால் உண்மை உலகில் வழவழப்பு எல்லை கடந்தால் உராய்வு ஒழிவதில்லை. ஸ்வீடன் நாட்டில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜொஹான்ஸன் என்பவர், 1896-இல், பல அளவுகளில் செய்த எஃகுக் கட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து எந்த நீளத்தையும் நுட்பமாக அளக்கும் முறையைக் கண்டுபிடித்து, மனைவியின் தையல் இயந்திரத்தையே சாணை பிடிக்கும் கருவியாக மாற்றி அவற்றைத் தேய்த்து முடித்தார். அத்தகைய இரண்டு கட்டிகளைத் துடைத்து, ஒன்றன் முகத்தை மற்றொன்றின் முகத்தில் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தித் திருகிச் சறுக்கினால், அவை பசை எதுவும் இல்லாமலே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மேலேயுள்ளதைத் தூக்கினால் கீழேயுள்ளதும் உடன் வருகிறது. நேராக இழுத்துப் பிரிப்பது கடினம், மறுபடியும் சறுக்கித்தான் பிரிக்கவேண்டும். இடையிலுள்ள மிக மெல்லிய ஈரப்படலமும் இரு முகங்களின் அணுக்களிடையே உள்ள கவர்ச்சியும் இதற்குக் காரணம் என்கிறார்கள். ஸ்நேஹம் என்று தர்க்க சாஸ்திரம் சொன்ன குணத்தை இங்கே எஃகிலேயே காண்கிறோம். மொழியும் இதை ஒருவாறு அறிந்திருந்தது போலும்: வழுக்கும் நொளநொளப்பைக் குறிக்கும் ‘ஸ்லைம்’ என்ற சொல்லும், பறவைகளைச் சிக்கவைக்கக் கிளையில் தடவும் பசையின் பெயராகிய ‘லைம்’ என்ற சொல்லும் ஒரே மூலத்தின் கிளைகள்.

‘ஸ்லிக்’ என்ற சொல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தபின் புதிய வாழ்வு பெற்றது. நோவா ஸ்கோஷியாவில் நீதிபதியாக இருந்த ஹாலிபர்ட்டன், 1835-இலிருந்து ஒரு பத்திரிகையில் எழுதிவந்த சித்திரங்களில், சாம் ஸ்லிக் என்ற கடிகார வியாபாரியை உலவவிட்டார். இந்த யாங்கி, குடியானவர் வீட்டில் கடிகாரத்தை விற்க முயல்வதே இல்லை; வீட்டையும் நிலத்தையும் புகழ்ந்து பேசிவிட்டு, திரும்பி வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அதைச் சாவி முறுக்கி அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறான். வாங்கமாட்டோம் என்று மறுத்தவர்கள், சில நாள் அதன் ஓசையைக் கேட்டுப் பழகிய பிறகு, அதை விட்டுப் பிரிய மனமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வழுக்கிச் செல்வதும் ஒட்டிக்கொள்வதும் இந்த ஒரு மனிதனிடத்தில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

பிறகு அமெரிக்கப் பத்திரிகை உலகத்தில் இச்சொல் காகிதத்துக்குப் பெயராயிற்று. மெருகேற்றிய பளபளப்பான தாளில், வர்ணப் படங்களோடும் மிகுதியான விளம்பரங்களோடும் வந்த சஞ்சிகைகளை ‘ஸ்லிக்’ என்றும், மரக்கூழால் செய்த மட்டமான சொரசொரப்புத் தாளில் வந்தவற்றைப் ‘பல்ப்’ என்றும் அழைத்தார்கள். முதல்வகைக்கு எழுதியவர்களுக்குப் பணமும் கௌரவமும் கிடைத்தன. இரண்டாவது வகைக்கு எழுதியவர்களுக்குச் சொல்லுக்கு இவ்வளவு சென்ட் என்ற கூலிதான். ஆனால் டாஷியல் ஹாமெட் தம் ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை 1929-30-இல் தொடராக வெளியிட்டது அந்தச் சொரசொரப்புத் தாளில் வந்த ‘பிளாக் மாஸ்க்’ என்ற சஞ்சிகையில்தான். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் இல்லாத அந்த நடையைப் புகழ விமரிசகர்கள் வழக்கமாக எடுக்கும் அடைமொழி ‘டெர்ஸ்’. இன்று அதற்குச் சுருக்கமான, வெடுக்கென்ற என்று பொருள். அது லத்தீனிலிருந்து 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது கொண்டுவந்த பொருளோ, துடைத்துத் தேய்த்து மெருகிட்டது என்பது.